வலிக்காத காலைத்தான் பார்க்க வேண்டும்

நேயர்களுக்கு அன்பு வணக்கம். நீரிழிவு என்றதும் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்ற பேச்சுத்தான் முதலில் வரும். அதைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். நான் பலதுறை மருந்தகத்தில் நீரிழிவு உள்ளவர்களின் கால்களைப் பரிசோதிக்கும் தாதி. அதனால் இன்று காலில் இருந்து தொடங்குகிறேன்.

"எனக்கு ஒன்றுமே வலிக்கவில்லையே" என்று சொல்பவர்களைத்தான் நான் அதிக நேரம் உட்கார வைத்துப் பார்ப்பேன். இனிப்பு நீர் இருப்பவருக்கு வலி இல்லாமல் இருப்பது நல்ல செய்தியாகவும் இருக்கலாம், கெட்ட செய்தியாகவும் இருக்கலாம். எது என்று அவராகவே கண்டுபிடிக்க முடியாது. அதற்குத்தான் பரிசோதனை.

நம் சமூகத்துக்கு இந்த விஷயம் எவ்வளவு நெருக்கமானது என்பதையும் சொல்ல வேண்டும். 2016 ஏப்ரலில் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தபோது, 400,000க்கும் அதிகமான சிங்கப்பூரர்களுக்கு இந்த நோய் இருந்தது. மறு ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில், அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் இதைப் பற்றி விரிவாகவே பேசினார். 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கு நீரிழிவு என்றார் அவர். ஒரு கல்யாணப் பந்தியில் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு மேல் என்று அர்த்தம். "எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சுகர் இருக்கிறது, வயதானால் வரத்தானே செய்யும்" என்று பழகிப் போய்ச் சொல்கிறோம். அந்தப் பழக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது.

சரி, கால் பரிசோதனையில் என்ன நடக்கும்? உங்களை ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, காலுறையைக் கழற்றச் சொல்வோம். மீன்பிடி நரம்பு மாதிரி மெல்லிய நைலான் இழை ஒன்று எங்களிடம் இருக்கும். அதைத் தோலில் வைத்து அழுத்தினால் 10 கிராம் அழுத்தத்தில் வளையும். நீங்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பெருவிரல் நுனி, விரல்களுக்குக் கீழே உள்ள சதைப்பகுதி என்று ஒவ்வோர் இடமாகத் தொடுவேன். தொடுவது தெரிந்தால் "ஆமாம்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் ஆரம்பிக்கவில்லையா மிஸ்ஸி?" என்று கேட்டார். அதற்குள் நான் ஒரு காலில் எல்லா இடங்களையும் தொட்டு முடித்திருந்தேன். அவர் கழற்றி வைத்திருந்த ரப்பர் செருப்பை எடுத்துத் திருப்பினேன். அடியில் இருந்து ஒரு சிறிய ஆணி உள்ளே ஏறியிருந்தது. அதோடுதான் வீட்டிலிருந்து நடந்து வந்திருக்கிறார். பாதத்தில் புண். காலுறையில் ரத்தம் காய்ந்திருந்தது. அவருக்கு எதுவும் தெரியவில்லை.

ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாகவே இருந்தால் நரம்புகள் சேதமடைகின்றன. நரம்புகளுக்கு ரத்தம் கொண்டுபோகும் மிகச் சிறிய குழாய்களும் கெடுகின்றன. உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதம் வரை போகிறவை. அதனால் பாதிப்பு முதலில் விரல் நுனியில் தெரியும். சிலருக்கு எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு வரும். சிலருக்கு அதுவும் வராது, உணர்ச்சி மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும். வியர்வையைக் கட்டுப்படுத்தும் நரம்புகளும் கெடுவதால் தோல் வறண்டு குதிகால் வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போகும். காலுக்கு ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது. புகை பிடிப்பவருக்கு இது இன்னும் மோசம். கால் இழந்தவர்கள் பலருக்கு, தொடக்கம் இப்படி ஒரு சின்னப் புண்ணாகத்தான் இருந்திருக்கிறது.

ஆகவே ராத்திரி படுக்கும் முன் இரண்டு பாதங்களையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன்மேல் பாதத்தைக் காட்டிப் பார்க்கலாம், அல்லது மகனையோ மகளையோ பார்க்கச் சொல்லலாம். அம்மாவின் காலைப் பேரப்பிள்ளை கைத்தொலைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டுவது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. விரல் இடுக்குகளைத் துடைத்து உலர வைக்க வேண்டும். நம் ஊர் ஈரக் காற்றில் சேற்றுப்புண் சட்டென்று வந்துவிடும். குதிகாலுக்கு ஈரப்பசை தரும் களிம்பு பூசலாம், ஆனால் விரல் இடுக்கில் பூசக்கூடாது. நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தில் தோண்டாதீர்கள். செருப்பையும் காலணியையும் போடுவதற்கு முன் ஒருமுறை உதறி, உள்ளே கைவிட்டுப் பாருங்கள்.

கால் ஆணியைப் பிளேடால் சீவுகிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். தயவு செய்து வேண்டாம். கடையில் விற்கும் கால் ஆணிப் பிளாஸ்திரியில் உள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும். பாதம் மரத்துப் போனதும் சுடுதண்ணீரில் ஊற வைப்பது, கோடாலித் தைலத்தைச் சூடு பறக்கத் தேய்ப்பது எல்லாம் நம் வீடுகளில் சாதாரணம். தண்ணீர் எவ்வளவு சூடு என்று சொல்ல வேண்டியதே அந்தப் பாதம்தான். அது சொல்லாதபோது கொப்புளம் வந்த பிறகே தெரியும். சிவப்பு, வீக்கம், நீர் வடிதல், கெட்ட வாடை என எது தெரிந்தாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம், கோயில். இதைச் சொல்லத் தயங்குபவர்கள் உண்டு, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலில் இருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை வெறுங்காலில் நடக்கும் பக்தர்களில் நீரிழிவு உள்ளவர்கள் நிறைய. சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் தீமிதிக்கு விரதம் இருப்பவர்களிலும் இருக்கிறார்கள். பாதத்தில் உணர்ச்சி நன்றாக இருப்பவர், சர்க்கரை கட்டுப்பாட்டில் உள்ளவர், நேர்த்திக்கடனுக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிட்டு முடிவு செய்யலாம். உணர்ச்சி குறைந்துவிட்டது என்று பரிசோதனையில் தெரிந்தவர் பூக்குழியில் இறங்க வேண்டாம் என்றே நான் சொல்வேன். நானும் சாமி கும்பிடுகிறவள்தான். பால்குடத்தை வீட்டில் இன்னொருவர் சுமக்கலாம், அன்னதானத்தில் வேலை செய்யலாம், அம்பாள் ஏற்றுக்கொள்வாள். நடுப்பகல் வெயிலில் கோயில் வெளிப்பிரகாரத்துக் கல் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். காலுறையோடு சுற்றி வரலாமா என்று கோயிலில் கேட்டுப் பாருங்கள்.

கட்டுமானத் தளங்களில் வேலை செய்யும் தம்பிகளும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். நாள் முழுக்கப் பாதுகாப்புக் காலணிக்குள் கால் வேர்த்து ஊறுகிறது. மதிய இடைவேளையில் காலணியைக் கழற்றி, உலர்ந்த காலுறையாக மாற்றிக்கொள்ளுங்கள். முதலாளி உங்களுக்காக எடுத்திருக்கும் அடிப்படை மருத்துவத் திட்டத்தில் இனிப்பு நீர் போன்ற நாள்பட்ட நோய்களுக்கும் மருத்துவரைப் பார்க்கலாம். ஊரில் இருந்து மாத்திரை வரவழைத்துச் சாப்பிடுகிறவர்கள், அந்த மாத்திரை அட்டையை இங்குள்ள மருத்துவரிடம் காட்டுங்கள். ஊரில் 150 என்று சொல்லும் சர்க்கரை அளவு இங்குள்ள கருவியில் 8.3 என்று காட்டும். அளவு முறைதான் வேறு. இங்குள்ள எண்ணை 18ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கு வந்துவிடும். 8 என்று பார்த்துவிட்டு, குறைந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

கண்ணும் சிறுநீரகமும் காலைப் போலத்தான், முன்கூட்டியே வலித்துச் சொல்வதில்லை. விழித்திரையில் ரத்தக்குழாய் கசியத் தொடங்கிய பிறகும் பார்வை தெளிவாகவே இருக்கும், நாளிதழ் படிக்கலாம், வண்டி ஓட்டலாம். பார்வை மங்கும்போது நிறையச் சேதம் நடந்திருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் விழித்திரைப் படத்தில் அதற்கு முன்பே தெரிந்துவிடும். அந்த நேரத்தில் லேசர் சிகிச்சையோ ஊசியோ பார்வையைக் காப்பாற்ற முடியும். புதுக் கண்ணாடி போடக் கடையில் கண்ணைச் சோதித்தது இதற்குப் பதிலாகாது.

சிறுநீரகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்களிடம் ஒரு தவறான நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. "மாத்திரை அதிகம் சாப்பிட்டால் கிட்னி போய்விடும்" என்று சொல்லிப் பாதியில் நிறுத்துகிறார்கள். சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் ஏறத்தாழ மூவரில் இருவருக்கு நீரிழிவுதான் காரணம். கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. மருத்துவர் எழுதித் தரும் சர்க்கரை மாத்திரைகளில் சில சிறுநீரகத்தைக் காக்கவே தரப்படுகின்றன. "எனக்குத்தான் பிரஷர் இல்லையே, பிரஷர் மாத்திரை எதற்கு?" என்று கேட்பார்கள். சிறுநீரில் புரதம் கசிவதைக் குறைக்க அது உதவுகிறது. உண்மையில் பயப்பட வேண்டியது, முட்டி வலிக்கு மருத்துவரைக் கேட்காமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் சில வலி மாத்திரைகளுக்கு. சிறுநீரகம் கைவிட்டுவிட்டால் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ரத்தச் சுத்திகரிப்பு. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நம் ஆட்களைப் பார்க்கும்போது, ஒரு சிறுநீர்ப் பரிசோதனையை முன்பே செய்திருக்கலாமே என்று மனம் அடித்துக்கொள்கிறது. பாகற்காயும் வெந்தயமும் நல்ல உணவுதான். மாத்திரைக்குப் பதிலாக அவற்றை நம்பாதீர்கள்.

மாரடைப்பும் வலிக்காமல் வரலாம். நீரிழிவு உள்ளவருக்கு நெஞ்சு வலிக்குப் பதிலாகத் திடீரென்று மூச்சு வாங்கும், குப்பென்று வேர்க்கும், குமட்டும், காரணமில்லாமல் சோர்ந்து போவார். வாயுத்தொல்லை என்று ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள், ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.

இன்சுலின் போடுபவர்களும் சில வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் சர்க்கரை சட்டென்று இறங்குவதையும் கவனிக்க வேண்டும். இங்குள்ள கருவியில் 4க்குக் கீழே போனால் கை நடுங்கும், படபடக்கும், பேச்சுத் தடுமாறும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். பல ஆண்டுகளாக நோய் உள்ளவர்களுக்கு இந்த நடுக்கம்கூட வராமல் போகலாம். டாக்சி, லாரி ஓட்டுகிறவர்கள் வண்டியை எடுக்கும் முன் சோதித்துவிடுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே ஆம்புலன்சை அழையுங்கள்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். காப்பிக்கடையில் பாலும் சர்க்கரையும் சேர்க்காத தே ஓ கோசோங் கேட்கப் பழகிக்கொண்டால் அதுவே பெரிய மாற்றம். பான டப்பாக்களில் 2022 டிசம்பர் கடைசியில் இருந்து ஏ முதல் டி வரை நியூட்ரி-கிரேட் எழுத்து போடுகிறார்கள். டி என்றால் 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கலாம் அல்லது நிறைவுற்ற கொழுப்பு அதிகமாக இருக்கலாம். தட்டில் பாதி காய்கறி இருக்கட்டும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ. பரோட்டா பிடிக்குமென்றால் எப்போதாவது ஒன்று சாப்பிடுங்கள், இரண்டாவது வேண்டாம்.

செலவைப் பற்றித் தயங்குகிறவர்களுக்கு: நாள்பட்ட நோய்ச் சிகிச்சைக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்தலாம், சாஸ் என்ற அரசாங்க மானிய அட்டைக்குக் கழிவு உண்டு. 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசாங்க உடல்நலத் திட்டத்தில் ஒரு மருந்தகத்தில் பதிந்துகொள்ளலாம். பதிந்த சிங்கப்பூரர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் உடல்நலப் பரிசோதனை இலவசம். பிள்ளைகளுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். இந்த நிகழ்ச்சி முடிந்ததும் மருத்துவப் பதிவுகளைக் காட்டும் ஹெல்த்ஹப் செயலியை அப்பா அம்மாவின் கைத்தொலைபேசியில் திறந்து பாருங்கள். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, கண் படம், கால் பரிசோதனை ஆகிய நான்கும் கடந்த ஒரு வருடத்துக்குள் நடந்திருக்க வேண்டும். எது விடுபட்டிருக்கிறதோ, வழக்கமாகப் போகும் மருந்தகத்தில் கேட்டு அதற்கு நாள் குறித்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.