தோண்டியவர்களும் புதைத்தவர்களும்

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

நாள்தோறும் திறந்து பார்க்கும் ஒரு செயலி ஏதோவொரு காலையில் முகம் மாறி நிற்பதை நீங்கள் எல்லோரும் ஒருமுறையேனும் கண்டிருப்பீர்கள். விரல் தானாகச் சென்று தொடும் இடத்தில் பழைய பொத்தான் இருக்காது. அங்கே வேறு ஏதோ முளைத்திருக்கும். இரண்டு நாள் எரிச்சலோடு தேடுவோம், மூன்றாம் நாள் பழகிவிடுவோம். பெரும்பாலும் கதை அவ்வளவில் முடிந்துவிடுகிறது. பழகிக்கொள்ள மறுத்த மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறிப்போன ஒரு செய்தித் தளத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அதன் பெயர் டிக். தோண்டு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லோடு ஓர் எழுத்தைக் கூட்டி வைத்த பெயர் அது.

அமெரிக்காவில் கெவின் ரோஸ் என்ற இளைஞரும் அவருடைய தோழர்கள் சிலரும் 2004 டிசம்பரில் இத்தளத்தைத் தொடங்கினார்கள். ஆசிரியர் என்று ஒருவரும் அங்கே கிடையாது. இணையத்தில் எங்கேனும் நல்ல கட்டுரை ஒன்றைக் கண்டவர் அதன் இணைப்பைக் கொண்டுவந்து, தலைப்பும் இரண்டு வரி விளக்கமும் எழுதிப் பதிவார். படித்தவர்களுக்குப் பிடித்தால் ‘தோண்டு’ என்ற பொத்தானை அழுத்துவார்கள். பிடிக்காவிட்டால் ‘புதை’ என்ற பொத்தானை அழுத்துவார்கள். குறுகிய நேரத்தில் போதுமான பேர் தோண்டிய செய்தி முதற்பக்கத்துக்கு ஏறும். அப்படி ஏறிய செய்தியைத் தேடி ஒரே நேரத்தில் வந்து குவியும் வாசகர்களைத் தாங்க முடியாமல் சிறிய தளங்கள் முடங்கிப்போவது வழக்கமாகவே இருந்தது. அதற்கு ‘டிக் விளைவு’ என்று ஒரு பெயரும் வழங்கியது.

இதில் ‘தோண்டு’ பொத்தானைப் பற்றி எழுதாதவர் இல்லை. நான் வலியுறுத்த விரும்புவது மற்றொன்றை. விருப்பத்தைத் தெரிவிக்கும் பொத்தான் இன்று எங்கும் இருக்கிறது. ஆனால் ‘இது வேண்டாம்’ என்று ஒரு வாசகர் சொல்ல, அந்தச் சொல் முதற்பக்கத்தை உண்மையிலேயே மாற்றும் என்றால், அவர் வாசகர் என்ற நிலையைக் கடந்து பொறுப்பாளர் ஆகிவிடுகிறார். விளம்பரத்தைச் செய்தியென்று வேடமிட்டுக் கொண்டுவந்தால் அவர் புதைப்பார். பொய்த் தலைப்பு வைத்தால் புதைப்பார். நேற்று வந்ததையே இன்று மீண்டும் கொண்டுவந்தால் புதைப்பார். ஊதியமில்லாத இந்தக் காவல் வேலையை ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் செய்தார்கள். தளம் தங்களுடையது என்ற எண்ணம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், என்னுடைய பதில் இந்தப் புதைக்கும் உரிமையிலிருந்துதான் என்பதே.

அந்த எண்ணம் எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருந்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். 2007 மே மாதம் முதல் நாள். எச்டி டிவிடி என்ற வட்டுகளில் திரைப்படங்களைப் படியெடுக்க முடியாதபடி பூட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பூட்டுக்கான திறவுகோல்களில் ஒன்று வெறும் ஓர் எண். அந்த எண் எப்படியோ வெளியே வந்துவிட்டது. டிக் பயனர்கள் அதைப் பதிந்தார்கள். உரிமையாளர் தரப்பிலிருந்து சட்ட எச்சரிக்கை வரவே, நிறுவனம் அந்தப் பதிவுகளை நீக்கியது. மீண்டும் பதிந்தவர்களின் கணக்குகளையும் முடக்கியது. நிறுவனத்தின் நிலையிலிருந்து பார்த்தால் அதில் வியப்பில்லை. வழக்கு வந்தால் கடையைக் கட்ட வேண்டியிருக்கும்.

பயனர்கள் அதை அப்படிப் பார்க்கவில்லை. எதை ஏற்றுவது, எதைப் புதைப்பது என்று முடிவுசெய்யும் உரிமை தங்களுடையது என்று அத்தனை காலமும் சொல்லிவிட்டு, முதன்முதலாக ஒரு பெரிய சோதனை வந்தவுடன் அந்த உரிமையை நிறுவனம் திரும்பப் பறித்துக்கொண்டதாகவே அவர்கள் கண்டார்கள். ஆகவே அந்த எண்ணை மீண்டும் பதிந்தார்கள். நீக்க நீக்கப் பதிந்தார்கள். தலைப்பிலே வைத்தார்கள், படத்துக்குள் மறைத்தார்கள், பாட்டாகவும் பாடினார்கள். சில மணி நேரத்தில் முதற்பக்கம் முழுவதும் அந்த ஓர் எண்ணைத் தவிர வேறு எதுவுமில்லை என்ற நிலை வந்தது. அன்றிரவு கெவின் ரோஸ் அந்த எண்ணையே தலைப்பாக வைத்து ஓர் அறிவிப்பை எழுதினார். பெரிய நிறுவனத்துக்குப் பணிவதைவிடப் போராடி வீழ்வதையே நீங்கள் விரும்புகிறீர்கள் என்பது எங்களுக்குப் புரிந்துவிட்டது, இனி நீக்க மாட்டோம், விளைவு எதுவாயினும் ஏற்போம் என்பது அதன் சாரம்.

நேயர்களே, இந்த நிகழ்ச்சியை நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பளிப்பது அந்த எண்ணோ சட்டச் சிக்கலோ அல்ல. அத்தனை கோபத்திலும் அவர்கள் வெளியேறவில்லை என்பதுதான். சண்டையிட்டார்கள், சண்டையிடும் அளவுக்கு அந்த இடத்தின்மேல் அவர்களுக்கு உரிமை இருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து அதே மக்கள் சண்டையோடு நிற்காமல் மூட்டை கட்டினார்கள் என்றால், இடையில் என்ன நடந்தது?

2010 ஆகஸ்ட் 25 ஆம் நாள் டிக்கின் நான்காம் வடிவம் வெளியானது. அடியோடு புதிதாக எழுதப்பட்ட தளம் அது. அதில் புதை பொத்தான் இல்லை. தோண்டப்படக் காத்திருக்கும் புதிய பதிவுகளைக் காட்டிய பக்கம் இல்லை. விருப்பத் தொகுப்பு இல்லை, உட்பிரிவுகள் இல்லை, பழைய பதிவுகளைத் தேடும் வசதியும் இல்லை. பல ஆண்டுகள் உழைத்துத் தேடித்தேடிப் பதிந்த ஒருவர், தாம் பதிந்தவற்றையே திரும்பிப் பார்க்க வழியின்றி நின்றார். அதே வேளையில், செய்தி நிறுவனங்கள் தங்கள் கட்டுரைகளைத் தாங்களே, மனிதக் கை படாமல், தானியங்கியாக அனுப்பிக்கொண்டே இருக்க வாசல் திறந்துவிடப்பட்டது. முதற்பக்கத்தைப் பெரிய வெளியீட்டாளர்கள் நிறைத்தார்கள். நல்லதைக் கண்டெடுத்துக் கொண்டுவருவது பயனரின் வேலையாகவும் பெருமையாகவும் இருந்த இடத்தில், இப்போது அந்த வேலையை இயந்திரம் செய்தது. கெட்டதைத் தடுக்கும் கருவியும் பிடுங்கப்பட்டுவிட்டது. மீண்டும் சொல்கிறேன்: கொண்டுவரும் பெருமை, தடுக்கும் உரிமை, தன் உழைப்பின் நினைவு ஆகிய மூன்றும் ஒரே நாளில் போயின.

நிறுவனத்தின் பக்கமும் காரணங்கள் இருந்தன; அவற்றை மறைப்பது முறையாகாது. பதிவுகளில் பெரும்பங்கு சில பழம் பயனர்களின் பிடியில் சிக்கியிருந்தது. புதியவர் ஒருவரின் பதிவு முதற்பக்கத்தை எட்டுவது அரிதாயிற்று. குழு சேர்ந்துகொண்டு, தங்கள் அரசியலுக்கு ஒவ்வாத செய்திகளைத் திட்டமிட்டுப் புதைத்தவர்களும் இருந்தார்கள். ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் வேகமாக வளர்ந்துவந்தன. முதலீட்டாளர்கள் கோடிக்கணக்கான டாலரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். நோய் உண்மையானது என்பதை ஏற்கிறேன். ஆனால் சிலர் கூடிப் புதைக்கிறார்கள் என்பதற்காக எல்லோருடைய கையிலிருந்தும் மண்வெட்டியைப் பிடுங்கியது சரியான மருந்து என்று அன்றும் நான் எண்ணவில்லை, இன்றும் எண்ணவில்லை.

தொழில்நுட்பக் கோளாறுகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தரவுகளைச் சேமிக்கும் அடித்தளத்தையே அதே நேரத்தில் மாற்றியிருந்தார்கள். தளம் வாரக்கணக்கில் தடுமாறியது. பழைய வடிவத்துக்குத் திரும்பவும் வழியில்லாமல் போயிற்று. அந்தக் கோளாறுகள்தான் தளத்தை அழித்தன என்று சொல்வோர் உண்டு. 2007 இல் அத்தனை கொந்தளிப்பைப் பொறுத்துக்கொண்டு தங்கியவர்கள், பக்கம் திறக்கத் தாமதமாகிறது என்பதற்காக மட்டும் போயிருக்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 30 ஆம் நாளை, டிக்கை விட்டு வெளியேறும் நாளென்று பயனர்கள் அறிவித்தார்கள். வெளியீட்டாளர்களுக்காகத் திறக்கப்பட்ட அதே தானியங்கி வாசலைப் பயன்படுத்தி, போட்டித் தளமான ரெடிட்டின் பதிவுகளால் டிக்கின் முதற்பக்கத்தை நிரப்பிவிட்டுப் போனார்கள். ரெடிட் 2005 இல் தொடங்கியது, தோற்றத்தில் எளிமையானது, பயனர்கள் தாங்களே பிரிவுகளை உருவாக்கி, தாங்களே நடத்த 2008 முதல் அங்கே வழி இருந்தது. வருபவர்களை வரவேற்கும் விதமாகத் தன் சின்னத்தோடு டிக்கின் அடையாளமான மண்வெட்டியைச் சில நாள் சேர்த்தும் வைத்தது. வந்தவர்களுக்கு அங்கே வேலை இருந்தது, வேண்டாம் என்று சொல்லும் அம்புக்குறி இருந்தது. பின்னர் டிக் புதை பொத்தானைத் திருப்பிக் கொண்டுவந்தது. புதிய தலைமை அதிகாரி வந்தார். தவறு நேர்ந்ததை ஒப்புக்கொண்டார்கள். ஆயினும் அந்த அக்டோபரிலேயே 67 ஊழியர்களில் 25 பேர் வேலை இழந்தார்கள்.

2012 ஆம் ஆண்டின் மறுபிறப்பைப் பற்றித் தனியாகவே பேச எண்ணியிருந்தேன், கடிகாரம் இடங்கொடுக்கவில்லை. அந்த ஜூலையில் பீட்டாவர்க்ஸ் என்ற நியூயார்க் நிறுவனம் டிக்கின் பெயரையும் தளத்தையும் சுமார் 5 லட்சம் டாலருக்கு வாங்கியதாகச் செய்தி வெளியாயிற்று. ஆறு வாரத்தில் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். வடிவம் அழகாக இருந்தது. வாசகர்கள் கருத்தெழுத இடமில்லை. உள்ளே நுழைய ஃபேஸ்புக் கணக்கு வேண்டியிருந்தது. செய்திகளைத் தேர்ந்தெடுக்க ஆசிரியர் குழு ஒன்று அமர்ந்தது. படிக்க நல்ல இடம்தான். நானும் படித்தேன். ஆனால் தோண்டுவதற்கு அங்கே எனக்கு எதுவும் இருக்கவில்லை.

இறுதியாக ஒரு செய்தியை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2010 மே மாதத்தில், நான்காம் வடிவம் வெளியாவதற்கு முன்பே, ரெடிட்டைத் தொடங்கியவர்களுள் ஒருவரான அலெக்சிஸ் ஒஹானியன் கெவின் ரோஸுக்கு ஒரு வெளிப்படைக் கடிதம் எழுதினார். மக்கள் கையில் அதிகாரத்தைத் திருப்பித் தருவது என்ற டிக்கின் அடிப்படையிலிருந்து இந்த வடிவம் விலகிப்போகிறது என்று அதில் எச்சரித்திருந்தார். 2025 மார்ச்சில் அந்த இருவரும் கூட்டாக டிக்கை வாங்கினார்கள். அந்த அறிவிப்பைப் படித்தவுடன் என் மனத்தில் முதலில் எழுந்த கேள்வி, புதை பொத்தான் திரும்பி வருமா என்பதுதான்.

வணக்கம்.