நிறம் மண்ணிலா, கண்ணிலா?

ஷமரேலின் ஏழு வண்ண மண்ணைப் பார்க்காதவர் இந்த மண்டபத்தில் இருக்க மாட்டீர்கள், மொரீஷியசுக்கு விருந்தாளி வந்தால் அங்கேதானே கூட்டிப்போகிறோம். அந்தச் சிவப்பும் ஊதாவும் மண்ணில் இருக்கிறதா, நம் கண்ணிலா? மண்ணில் இருப்பது எரிமலைப் பாறை உதிர்ந்து மிஞ்சிய இரும்பு, அலுமினியம் ஆக்சைடுகள். சில அலைநீளங்களை விழுங்கிவிட்டு மற்றதைத் திருப்பி அனுப்பும், நாம் பஸ் ஏறிப் போன பிறகும் அதையேதான் செய்யும். அதைச் சிவப்பாக்குவது நம் கண்ணின் மூன்று வகைக் கூம்புச் செல்களும் மூளையும். நாய்க்கு இரண்டே வகைதான், அதற்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நிறமும் சுவையும் மணமும் உணர்கிறவனைச் சேர்ந்தவை என்று 1623இலேயே கலிலியோ எழுதிவிட்டார்.

சரி, இதோடு விட்டால் வம்பில்லை. ஆனால் நம் மேடைகளில் அடுத்த வரி தயாராக இருக்கும்: "பார்த்தீர்களா, எல்லாம் மாயை, விஞ்ஞானமே நிரூபித்துவிட்டது!" உடனே கைதட்டல். கொஞ்சம் பொறுங்கள் ஐயா, நிறம் உண்டாக நம் கண்ணும் வேண்டும் என்பதால் இரும்பு ஆக்சைடு காணாமல் போய்விடாது.

நிஜமான தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது: அளப்பதற்கு முன்னாலேயே விடை அங்கே இருக்கிறதா என்பதில். ஒளித்துகளுக்கு முனைவாக்கம் என்று ஒரு பண்பு உண்டு, ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்பதுதான் அது. கால்சியம் அணுவிலிருந்து ஜோடியாகக் கிளம்பும் இரண்டு ஒளித்துகள்கள், எந்தக் கோணத்தில் அளந்தால் என்ன விடை என்பதை, பரீட்சைக்குப் பிட்டு எழுதி ஒளித்துக்கொண்டு போகிற பையன்களைப் போல முன்னாலேயே வைத்திருந்து, வழியில் ஒன்றுக்கொன்று சேதி சொல்லாமலும் இருந்தால், பல கோணங்களில் அளந்து சேர்க்கும் ஒரு கணக்கு 2ஐத் தாண்டவே முடியாது. இந்த மாதிரி ஒரு வரம்பு உண்டு என்று 1964இல் காட்டியவர் இயற்பியலாளர் ஜான் பெல். 1982இல் பாரிசுக்குப் பக்கத்தில், ஓர்சேயில், அலேன் ஆஸ்பே குழு அளந்தபோது வந்தது ஏறக்குறைய 2.7! கிளௌசர், சைலிங்கர் இருவரோடு சேர்த்து 2022இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அப்போ பிட்டே இல்லையா? இல்லை, அளக்கும்போதுதான் விடையே பிறக்கிறது என்பார்கள் பல இயற்பியலாளர்கள். பிட்டு உண்டு, ஆனால் தூரத்தில் நடப்பது அந்தக் கணமே இங்கே பாதிக்கும் என்பார்கள் 1952இல் டேவிட் போம் போட்ட வழியில் போகிறவர்கள். எனக்கு முதல் கட்சிமேல்தான் சாய்வு, அதை மறைக்கவில்லை. ஆனால் எந்தக் கட்சியானாலும், மனிதன் உட்கார்ந்து பார்த்தால்தான் விடை வரும் என்று ஒன்றுமில்லை. ஆஸ்பேயின் அறையில் "பார்த்தது" ஒளியைப் பிரிக்கும் கருவியும் அதன் பின்னால் இருந்த உணர்கருவியும்தான், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தாலும் அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும்.