எங்கள் ஊர் ஓகஸ்ட்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

இணையத்தளம் செய்து கொடுப்பது என் தொழில். மட்டக்களப்பில் கடைகளுக்கும் சங்கங்களுக்கும் செய்வேன். சில வருடங்களுக்கு முன் படுவான்கரையில் ஒரு கோயிலுக்குச் செய்தேன். எந்த நாள் எந்தக் குடியின் திருவிழா என்று வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது கோயிலைப் பொறுப்பேற்று நடத்தும் வண்ணக்கர் ஐயாவின் ஆசை. வேலை முடிந்ததும் மடிக்கணினியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாக வாசித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"மனே, இதென்ன ஆகஸ்ட்? நாங்க ஓகஸ்ட் எண்டுதானே எழுதுறம்?"

அந்தச் சொல்லை நான் அடிக்கவில்லை. இணையத்தளம் கட்டப் பயன்படும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளுக்குள்ளிருந்து அது தானாக வந்தது. எங்கோ ஒரு தமிழர், சம்பளம் எதுவும் வாங்காமல், தன் ஊர் வழக்கில் மொழிபெயர்த்து வைத்தது. தமிழ்நாட்டில் அது ஆகஸ்ட்தான், அவர் செய்ததில் பிழையே இல்லை. எங்கள் பக்கத்திலிருந்து யாரும் போய் ஓகஸ்ட் என்று சொல்லவில்லை. அதுதான் குறை. அன்றிரவே நான் அந்த மொழிபெயர்ப்பாளர் கூட்டத்துக்குள் போனேன். இன்னும் வெளியே வரவில்லை.

வேர்ட்பிரஸ் திறந்த மூல மென்பொருள். அதன் நிரலை, அதாவது கணினிக்கு எழுதிவைத்த கட்டளைகளை, யாரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை மற்றவருக்குக் கொடுக்கலாம். அது பிறந்த கதையே அப்படித்தான். பி2 என்று ஒரு மென்பொருள் இருந்தது. அதை எழுதியவர் ஒரு கட்டத்தில் தொடராமல் விட்டுவிட்டார். அமெரிக்காவில் 19 வயது மட் முல்லன்வெக், இங்கிலாந்தில் மைக் லிட்டில், இந்த இருவரும் அதே நிரலை எடுத்து வளர்த்து 2003 மே 27 இல் வேர்ட்பிரஸ் என்று வெளியிட்டார்கள். தரிசாய்க் கிடக்கிற வயல் என்றாலும் இன்னொருவர் இறங்கி விதைத்தால் எங்கள் பக்கம் வழக்கு வரும். இங்கே வராது. ஜிபிஎல் என்ற உரிமம் அதற்கு இடம் கொடுக்கிறது. இன்று உலகத்து இணையத்தளங்களில் பத்துக்கு நான்கு இந்த மென்பொருளில்தான் ஓடுகின்றன.

சரி, மொழிபெயர்ப்புக்கு வருவோம். அங்கே தமிழுக்கு இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று தமிழ், மற்றது இலங்கைத் தமிழ். யாரும் உள்ளே போய் ஒரு சொல்லைப் பரிந்துரைக்கலாம். பொறுப்பாசிரியர் ஒருவர் பார்த்து ஏற்கும்வரை அது காத்திருக்கும். சொற்களை மாற்றிப் போடுவதுதானே, இதில் என்ன பெரிய வேலை என்று நானும் நினைத்தேன். நினைத்தது எவ்வளவு பிழை என்று முதல் வாரத்திலேயே தெரிந்தது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆங்கில வாக்கியத்தில் ஒருவர் பெயர் வரவேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் எஸ் என்ற எழுத்தும் நிற்கும். பெயர் பிறகு வந்து அந்த இடத்தில் உட்காரும். எந்தப் பெயர் வந்தாலும் ஆங்கிலத்தில் பக்கத்துச் சொல் அசையாது. தமிழில் அப்படியா? ராஜன் ராஜனுக்கு ஆவார், அம்மா அம்மாவுக்கு ஆவார், செல்வம் செல்வத்துக்கு ஆவார். குறிக்குப் பின்னால் வெறும் 'க்கு' போட்டால் திரையில் 'செல்வம்க்கு' என்று வரும். சின்னப் பிள்ளைகூட அப்படிச் சொல்லாது. ஆகவே பெயரில் வேற்றுமை உருபு ஒட்டாதபடி வாக்கியத்தையே பிரித்துக் கட்டவேண்டும்: 'பெறுபவர்: செல்வம்'. இந்த ஒரு வரிக்கு எனக்கு ஒரு முழு இரவு போனது. நிரல் எழுதுகிறவருக்கு எங்கள் இலக்கணம் தெரியாது. நாங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியவரும்.

இன்னொன்று, சேமிக்கிற பொத்தான். 'சேமி' என்று போடுவதா, 'சேமிக்கவும்' என்று போடுவதா? மரியாதையாக இருக்கட்டும், 'சேமிக்கவும்' என்று கல்முனையிலிருந்து ஒரு தங்கச்சி வாதாடினார். அந்தப் பொத்தானை அழுத்தும்போது நாங்கள்தான் கணினிக்குக் கட்டளையிடுகிறோம், கணினி எங்களுக்கு இடவில்லை, எனவே 'சேமி' போதும் என்பது என் பக்கம். இரண்டு கிழமை இழுபட்டது. நான் சொன்னதுதான் சரி என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் அந்தத் தங்கச்சி கேட்டிருக்காவிட்டால், ஏன் சரி என்று நான் யோசித்தே இருக்கமாட்டேன்.

இந்தத் திறந்த மூலக் கூட்டத்தில் சண்டை உண்டு, நிறையவே உண்டு. 2018 டிசெம்பர் 6 இல் வேர்ட்பிரஸ் 5.0 வந்தபோது, எழுதுகிற பகுதியை முழுதாக மாற்றி, கட்டை கட்டையாக அடுக்குகிற குட்டன்பேர்க் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். பலருக்கு அது பிடிக்கவில்லை. பழைய முறையை, வேண்டியவர்கள் சேர்த்துக்கொள்ளும் தனிச் செருகுநிரலாகக் கொடுக்கவேண்டி வந்தது. 5.0 வெளிவருவதற்கு முன்பே சிலர் கிளாசிக்பிரஸ் என்று பிரிந்து போய்விட்டார்கள். அதற்கு முன் 2005 இல் இணையத்தளம் கட்டும் மாம்போ என்ற இன்னொரு மென்பொருளை எழுதியவர்களே அதன் நிறுவனத்தோடு முரண்பட்டு வெளியேறி, ஜூம்லாவைத் தொடங்கினார்கள். அந்தப் பெயர் சுவாகிலி மொழியிலிருந்து வந்தது. 'எல்லோரும் சேர்ந்து' என்று பொருள். பிரிந்துபோன கையோடு வைத்த பெயர் அது.

கண்ணகி அம்மனுக்குக் கொம்புமுறி ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகும். கொம்போடு கொம்பைக் கொளுவி, வடம் கட்டி, உயிரைக் கொடுத்து இழுப்பார்கள். ஒரு பக்கத்துக் கொம்பு முறியும். இழுத்தது இரண்டு பக்கமும் அம்மனுக்காகத்தான். எவரும் இழுக்க வராத வருடம்தான் ஊருக்குக் கவலை.

2004 இல் நான் பாடசாலைப் பிள்ளை. சுனாமி வந்து மூன்றாம் நாள், பாடசாலைச் சுவரில் ஒட்டியிருந்த பெயர்ப் பட்டியலை மாமிக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். ஒரு முகாமில் இருக்கும் பட்டியல் அடுத்த முகாமில் இருக்காது. அங்கே நடந்து, அதையும் வாசித்து, பிறகு அடுத்தது. அந்த நாட்களில்தான் கொழும்பில் சில மென்பொருளாளர்கள், தொண்டர்களாக, இரவு பகலாக ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே தெரியும். காணாமற்போனவர்கள், முகாம்கள், உதவி நிறுவனங்கள், எங்கே என்ன தேவை, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதிகிற இணைய மென்பொருள். பெயர் சகானா. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். அதையும் திறந்த மூலமாகவே விட்டார்கள். அதனால் 2005 இல் பாகிஸ்தானில் நிலம் அதிர்ந்தபோது அங்கே பயன்பட்டது. 2010 இல் ஹெயிட்டியிலும் பயன்பட்டது. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது எங்கள் அம்பாறைக் கரை. அந்தத் துயரத்திலிருந்து எழுதப்பட்ட நிரல் முகம் தெரியாத ஊர்களில் காணாமற்போனவர்களைத் தேடியது என்பதை நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்லவேண்டும். நிரல் எழுதத் தெரிந்தால்தான் உள்ளே வரலாம் என்று நினைக்காதீர்கள். நல்ல தமிழ் தெரிந்த ஆசிரியர்களும் வேண்டும், பிழை கண்டால் அதை விளக்கமாக எழுதுகிறவர்களும் வேண்டும். இலங்கைத் தமிழ் வாசலுக்குள் இன்னும் எத்தனையோ வரிகள் ஆங்கிலமாகவே கிடக்கின்றன.

ஓகஸ்ட் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த திருவிழாவுக்கு முன் வண்ணக்கர் ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இப்ப சரி" என்றார். விரல் கீழே இறங்கிப் 'புகுபதிகை' என்ற சொல்லில் நின்றது. ஆங்கிலத்தில் 'லொகின்' என்பதற்குப் போட்ட தமிழ் அது.

"இது என்ன மனே? கோயிலுக்கு வாற ஆக்களிட்டச் சொல்லுற சொல்லா இது? உள்ளே வருக எண்டு போட ஏலாதா?"

அன்றைக்கே பரிந்துரைத்துவிட்டேன். அது இன்னும் காத்திருக்கிறது.

நன்றி, வணக்கம்.