நாலாவது ஆள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு வாஷரில் இருந்து தொடங்குகிறேன். துணி துவைக்கிற இயந்திரத்தைச் சொல்லவில்லை. நட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையில் போடுவோமே, நடுவில் ஓட்டை உள்ள இரும்பு வில்லை, அதைத்தான் சொல்கிறேன். 2004 அக்டோபர் 2, சனிக்கிழமை காலை. லண்டனின் தென்மேற்கில் புஷி பார்க் என்ற பெரிய பூங்காவில் 13 பேர் கூடி 5 கிலோமீட்டர் ஓடினார்கள். கட்டணம் இல்லை, பரிசும் இல்லை. அந்த ஆரம்ப நாட்களில், ஓடி முடித்தவர் எத்தனையாவதாக வந்தார் என்று தெரிய, எண் பொறித்த ஒரு வாஷரைக் கையில் கொடுப்பார்கள். இரும்புக்கடையில் வாங்கிய வாஷர். அதைக் கொண்டுபோய் மேசையில் கொடுத்துப் பெயரைச் சொன்னால், தாளில் எழுதிக்கொள்வார்கள்.

இன்று அதற்குப் பெயர் பார்க்ரன். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வாராவாரம் நடக்கிறது. வாஷர் இருந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் வில்லை வந்துவிட்டது, பெயர் எழுதிய தாளுக்குப் பதில் பார்கோடு. மற்றபடி அதே சனிக்கிழமை, அதே 5 கிலோமீட்டர், அதே இலவசம்.

இதைத் தொடங்கிய பால் சின்டன்-ஹியூவிட் யார் என்பதில்தான் இன்றைய பேச்சின் முடிச்சே இருக்கிறது. அவர் ஓட்டக் கழகங்களுக்கு எதிராகக் கொடி பிடித்தவர் அல்ல. அவரே ஒரு கழகத்து ஓட்டக்காரர். அடிபட்டு ஓட முடியாமல் கிடந்தார். வாரம் தவறினால் நண்பர்கள் முகம் மறந்துபோகும் என்று, தான் ஓடாவிட்டாலும் மற்றவர்களை ஓடவிட்டுக் கடிகாரம் பிடிக்க வந்து நின்றார். முதலில் அவர் வைத்த பெயர் 'புஷி பார்க் டைம் ட்ரயல்'. டைம் ட்ரயல், அதாவது கடிகாரத்தை எதிர்த்து ஓடிப் பார்ப்பது, கழகத்து ஆட்கள் பேசுகிற சொல். நடந்து பழக வருகிறவருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே கால் பின்வாங்கும். பிற்பாடு பெயர் மாறியது. பெயரோடு, வருகிற ஆட்களும் மாறினார்கள்.

நான் இங்கிலாந்தில் ஒரு சிறிய ஓட்டக் கழகத்தில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அங்கே என் வேலை, குளிர்காலத்து கிராஸ் கன்ட்ரி போட்டிகளுக்கு, அதாவது சாலையை விட்டு மேடும் சேறுமான வெளிகளில் ஓடுகிற போட்டிகளுக்கு, அணி சேர்ப்பது. அதாவது, வியாழக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் ஆட்களுக்குப் போன் போட்டு, "சனிக்கிழமை வருவீங்கதானே?" என்று கெஞ்சுவது. ஆகவே இந்த விஷயத்தில் நான் நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. கழகத்துக்காரர்கள் கூடினால் ஒரு புலம்பல் கேட்கும்: "பார்க்ரன் வந்தது, நம்ம பிழைப்பு போச்சு." இந்தப் புலம்பல் எவ்வளவு தூரம் நியாயம் என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

புலம்பலில் நியாயம் இருக்கிற இடத்தை முதலில் ஒத்துக்கொண்டு விடுகிறேன். கட்டணம் வாங்கி நடத்துகிற 5 கிலோமீட்டர் சாலை ஓட்டம், கழகங்களுக்குச் சில்லறை வருமானம் தந்த ஒன்று. அதே தூரத்தைச் சனிக்கிழமைதோறும் ஒருவர் சும்மா தருகிறபோது, காசு கொடுத்து ஓட யார் வருவார்? கழகம் ஏன் காசு வாங்குகிறது என்பது வெளியே நிற்பவருக்குத் தெரிவதில்லை. சாலையில் ஓட்டம் என்றால் அனுமதி, போக்குவரத்தை நிறுத்த ஆட்கள், முதலுதவி, காப்பீடு, நடுவர்கள். தூரத்தை அளப்பதே ஒரு தனிக் கலை. ஒருவர் சைக்கிளில் ஏறி, ஓட்டக்காரர் எடுக்கக்கூடிய மிகக் குறுகிய வழியில் வளைவுகளை ஒட்டி ஒட்டி ஓட்டிப்போவார். முன்சக்கரத்தின் அச்சில் ஜோன்ஸ் கவுன்ட்டர் என்ற சின்னக் கருவி சக்கரத்தின் சுற்றுகளை எண்ணிக்கொண்டே வரும். அளந்து முடித்த பிறகும் ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று கூடச் சேர்ப்பார்கள், பாதை குறைந்துபோனது என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக. 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் நீங்கள் உண்மையில் ஓடுவது 5,005 மீட்டர். அந்த ஐந்து மீட்டருக்கும் சேர்த்துத்தான் கட்டணம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இலவச ஓட்டத்துக்கு இந்தச் செலவுகள் பெரும்பாலும் கிடையாது. பூங்காவுக்குள் ஓடுகிறார்கள், சாலையை மூட வேண்டியதில்லை. வாரம் மாறினாலும் பாதை மாறாது. வேலை செய்வது தன்னார்வலர்கள். மேலே உள்ள அமைப்பை விளம்பரதாரர்களும் நன்கொடையும் தாங்குகிறார்கள். ஆனாலும் இலவசம் என்றால் யாருக்கும் செலவே இல்லை என்று ஆகிவிடாது. 2016-இல் பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் ஸ்டோக் கிஃபர்ட் ஊர்மன்றம், தன் பூங்காவில் நடந்த ஓட்டத்துக்குக் கட்டணம் கேட்பது என்று முடிவெடுத்தது. பாதை தேய்கிறது, பராமரிப்புக்கு யார் கொடுப்பது என்பது அவர்கள் கேள்வி. காசு வாங்குவதில்லை என்ற கொள்கையைப் பார்க்ரன் விடவில்லை. அந்த இடத்தில் ஓட்டம் நின்றே போனது.

அடுத்தது பயிற்சியாளர்களின் குறை. எங்கள் கழகத்துப் பயிற்சியாளர் வெள்ளிக்கிழமை மாலையே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஏனென்றால் செவ்வாயன்று தடத்தில் ஓடவிட்டு, வியாழனன்று மேட்டில் ஏறவிட்டு, சனிக்கிழமைக்காகக் கால்களை இளைப்பாறவிடுங்கள் என்று அனுப்பினால், ஒன்பது மணிக்கு எல்லோரும் பூங்காவில் உயிரைக் கொடுத்து ஓடிக்கொண்டிருப்பார்கள். மதியம் கிராஸ் கன்ட்ரி. சேற்றில் முதல் சுற்றிலேயே முகம் வெளுத்துவிடும். போன வாரத்தை விட நாலு விநாடி குறைய வேண்டும் என்ற ஆசை சூதாட்ட ஆசை மாதிரி, விட்டால் விடாது. வாராவாரம் பரீட்சை எழுதிக்கொண்டே இருந்தால் பாடம் படிப்பது எப்போது என்று அவர் கேட்பார். இந்த விஷயத்தில் நான் அவர் கட்சி. ஆனால் நானும் அந்த நாலு விநாடிக்காக ஓடியவன்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இத்தனையும் சரி. ஆனால் பார்க்ரன் நம் ஆட்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்கிறார்களே, அதை நான் ஏற்கவில்லை. அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒருநாளும் நம்மிடம் வந்திருக்க மாட்டார்கள். ஒரு கழகத்தின் கதவை முதல்முறை திறப்பது எப்படி இருக்கும் என்று நாம் மறந்துவிட்டோம். உள்ளே எல்லோரும் ஒரே நிறப் பனியனில், ஒல்லியாக, ஒருவரையொருவர் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நிற்பார்கள். "உங்க 10கே டைம் என்ன?" என்பதுதான் முதல் விசாரிப்பு. நலமா என்று கூடக் கேட்க மாட்டார்கள். பூங்காவில் அது இல்லை. கடைசியில் வருகிறவருக்குப் பின்னால் நடப்பதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருக்கிறார், டெயில் வாக்கர் என்று பெயர். ஆக, வருகிற யாருமே கடைசி ஆள் ஆக முடியாது. இவ்வளவு எளிய ஏற்பாடு கழகங்களுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தோன்றவில்லை.

நூறு ஆண்டு என்று சும்மா சொல்லவில்லை. தேம்ஸ் ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ் என்ற லண்டன் கழகம் 1868-இல் தொடங்கியது. கிராஸ் கன்ட்ரிக்கென்று தொடங்கிய கழகங்களில் அதுதான் மிகப் பழையது. 1876-இல் எப்பிங் காட்டில் முதல் ஆங்கிலேய கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப் நடந்தது. பாதை அடையாளம் சரியாக வைக்காததால் ஓடினவர்கள் அத்தனை பேரும் வழி தவறிப்போனார்கள். போட்டி செல்லாது என்று அறிவித்து, மறு ஆண்டுதான் ஒழுங்காக நடத்தினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை, பாதை காட்டுகிற வேலைக்கு நின்றவரைத் திட்டுவது எங்கள் மரபு.

பூங்காவில் வேகமானவர்கள் ஓடவே இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். 2012 ஆகஸ்டில், லண்டன் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் ஓடிய ஆண்டி பேட்லி, ஒலிம்பிக் முடியும் முன்னரே ஒரு சனிக்கிழமை புஷி பார்க்குக்கு வந்து 13 நிமிடம் 48 விநாடியில் ஓடி முடித்தார். அதே பாதையில் அதே காலையில் ஒரு மணி நேரம் நடந்து முடித்தவருக்கும் அவருக்கும் கிடைத்தது ஒரே மாதிரி வில்லைதான். ஆனால் 2024 பிப்ரவரியில் பார்க்ரன் தன் வேகப் பட்டியல்களை எடுத்துவிட்டது. எந்த இடத்தில் யார் மிக வேகம், ஆண்களில் 17 நிமிடத்துக்குள் வந்தவர்கள், பெண்களில் 20 நிமிடத்துக்குள் வந்தவர்கள், அதிகமுறை முதலாவதாக வந்தவர்கள், எல்லாம் போனது. ஒவ்வொருவரின் நேரமும் வாராந்திர முடிவுகளும் மட்டும் இருக்கின்றன. புதிதாக வர நினைப்பவர் அந்தப் பட்டியல்களைப் பார்த்து மிரளக்கூடாது என்பது எண்ணம். வேகமான ஓட்டக்காரர்கள் கொதித்துப்போனார்கள், கையெழுத்து இயக்கமெல்லாம் நடந்தது.

என் கழகத்து நண்பர்களில் பலருக்கு அன்று கோபம். எனக்கு மட்டும் உள்ளுக்குள் சின்ன மகிழ்ச்சி. போட்டி வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அப்படியானால் போட்டி நம்முடையது. பதினைந்து ஆண்டுகளாக நாம் செய்த தவறு, அவர்கள் செய்கிறதையே நாமும் செய்ய நினைத்ததுதான். சின்ன 5 கிலோமீட்டர் ஓட்டம், கையில் ஒரு பதக்கம், ஒரு டி-ஷர்ட். அதில் நாம் தோற்பது நிச்சயம். அவர்கள் தர முடியாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. அது என்ன என்று ஒரு மனிதர் எனக்குக் காட்டினார்.

அவர் ஒரு அம்மா, வயது ஐம்பத்திரண்டு. பூங்காவில் எழுபது சனிக்கிழமைகள் ஓடியவர். முப்பத்தொரு நிமிடத்துக்குக் கீழே இறங்கியதில்லை. கிராஸ் கன்ட்ரிக்குப் பெண்கள் அணியில் ஆள் குறைந்தபோது, அறிவிப்பு மேசைக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்தேன். முதல் கேள்வி, "அங்கே டெயில் வாக்கர் உண்டா?" இல்லை என்றேன். "அப்போ கடைசியா வந்தா?" வந்தால் வந்ததுதான் என்றேன். ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்தார்.

அணிக் கணக்கு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் லீக்கில் பெண்கள் அணியில் எத்தனை பேர் ஓடினாலும், முதலில் வரும் நாலு பேர் எத்தனையாவது வந்தார்கள் என்று கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைந்த அணிக்கு வெற்றி. நாலாவது ஆள் இல்லை என்றால் அணியே இல்லை. முன்னால் மூன்று பேர் மின்னலாக வந்து பயனில்லை.

அன்று மழை. தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, எண் தாளின் நாலு மூலையிலும் ஊக்கு குத்திக்கொண்டிருந்தார். விரல் விறைத்து ஒரு ஊக்கு சேற்றில் விழுந்துவிட்டது, மூன்றோடு ஓடினார். எங்கள் முதல் மூன்று பேர் 9, 17, 40. அவர் பின்னால் எங்கேயோ. கடைசி மேட்டின் கீழே நான் நின்றிருந்தேன். எதிர் அணியின் நாலு பேரும் முடித்துவிட்டார்கள், கூட்டினால் 157 என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். மனக்கணக்குப் போட்டேன். எங்களுக்கு 66. இவர் தொண்ணூறாவது ஆளாகவோ அதற்கு முன்னாலோ வந்தாக வேண்டும். மேட்டைப் பார்த்தபடி தலைகளை எண்ணினேன், எண்பத்தாறு, எண்பத்தேழு. அதற்கு அடுத்து எங்கள் பனியன். பின்னால் ஒட்டினாற்போல் மூன்று இளம் பெண்கள்.

பூங்காவில் யாராவது முந்தினால் அவர் வழிவிட்டுச் சிரிப்பார், நான் பார்த்திருக்கிறேன். அன்று வழி விடவில்லை. வாய் திறந்து, தோள் இறுகி, எண் தாளின் அவிழ்ந்த மூலை காற்றில் படபடக்க, மேட்டில் ஏறினார். ஒருவர் முந்தினார். மற்ற இருவரை விடவில்லை. 89. எங்கள் கூட்டுத்தொகை 155.

முடிவுக்கோட்டைத் தாண்டி வரிசைக்குள் போய் நின்றவர் முழங்காலில் கைவைத்துக் குனிந்தபடியே என்னிடம் கேட்டது நேரத்தை அல்ல. எழுபது வாரமாக நேரத்தையே கேட்டுப் பழகியவர். "என்னை எண்ணினாங்களா?" என்றார்.

எண்ணினார்கள் என்றேன். அடுத்த வியாழக்கிழமை இரவு பத்து மணிக்கு அவருக்கு நான் போன் செய்யவில்லை. ஒன்பதரைக்கே அவர் கூப்பிட்டார், சேற்றில் வழுக்காத ஆணிவைத்த ஷூ எங்கே கிடைக்கும் என்று கேட்டு.

நன்றி, வணக்கம்.