வாய்க்கால் தண்ணீருக்கு ஒரு படி

வேளாண் பெருமக்களே, நீரினைப் பயன்படுத்துவோர் சங்கப் பொறுப்பாளர்களே, வணக்கம்.

நெல்லுக்குப் படி இருக்கிறது, மரக்கால் இருக்கிறது. வாய்க்கால் தண்ணீருக்கு மட்டும் இன்னமும் அரை மடை, முக்கால் மடை என்றுதான் கணக்குச் சொல்கிறோம். முறை வைத்துப் பாய்ச்சும் ஊர்களில் மணி பார்த்து மடை திருப்புகிறோம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் ஓடிய தண்ணீர் எவ்வளவு? தலைமடைக்காரருக்குக் கிடைத்த ஒரு மணியும் கடைமடைக்காரருக்குக் கிடைத்த ஒரு மணியும் ஒரே அளவாக இருப்பதில்லை. இந்த வழக்கைத் தீர்க்க உதவுகிற ஒரு சாதனத்தை, கிளை வாய்க்காலில் பதித்துத் தண்ணீரை அளக்கும் ஃபைபர் (கண்ணாடி இழை) பார்ஷல் ஃப்ளூமை, எப்படி நிறுவுவது, எப்படிப் பராமரிப்பது என்று இன்று பார்ப்போம். பேனாவும் காகிதமும் பக்கத்தில் இருந்தால் நல்லது. சில அளவுகளைக் குறித்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பாசனப் பொறியாளராக இருந்த ரால்ஃப் பார்ஷல் இந்த வடிவத்துக்கு 1922-ல் காப்புரிமை பெற்றார். மேல்புறமும் இரு முனைகளும் திறந்த பெட்டி போன்ற அமைப்பு. தண்ணீர் முதலில் குறுகும் பகுதிக்குள் வருகிறது, பிறகு கழுத்து, அதன்பின் விரியும் பகுதி. கழுத்தில் தரை சரிந்து இறங்குவதால் தண்ணீர் அங்கே வேகமெடுத்துப் பாய்கிறது. அப்படிப் பாயும்வரை, குறுகும் பகுதியில் ஓர் இடத்தில் நிற்கும் நீர் உயரத்தை மட்டும் பார்த்தால் போதும், எவ்வளவு ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். அசைகிற உறுப்பு எதுவும் இல்லை, மின்சாரம் வேண்டாம், வண்டலும் பெரும்பாலும் அடித்துக்கொண்டு போய்விடும்.

இதையே சிமென்டில் கட்டலாமே என்று கேட்பீர்கள். கட்டலாம். ஆனால் சரிவும் சாய்வுமான அந்தச் சுவர்களை மில்லிமீட்டர் பிசகாமல் பூசி எடுப்பது கொத்தனாருக்கு மிகக் கடினம். இரும்பில் செய்தால் துருப்பிடிக்கும், பழைய இரும்பு விலைக்குக் காணாமலும் போகும். ஃபைபர் ஃப்ளூம் அச்சில் வார்ப்பது. ஒவ்வொன்றும் ஒரே அளவில் வரும், எடை குறைவு, இரண்டு மூன்று பேர் தூக்கிவிடலாம். அந்த எடை குறைவுதான் நிறுவும்போது பெரிய தொல்லையும் தரும். அதைப் பிறகு சொல்கிறேன்.

அளவைப் பொறுத்தவரை, கழுத்தின் அகலத்தை வைத்துத்தான் பெயர் சொல்வார்கள். ஆழ்குழாய்க் கிணற்று ஓட்டத்துக்கு 3 அங்குலம் போதும். கிளை வாய்க்காலுக்கு 9 அங்குலம் பொருந்தும், வினாடிக்கு 2.5 லிட்டரிலிருந்து சுமார் 250 லிட்டர் வரை அளக்கும். பெரியதாக இருந்தால் பத்திரம் என்று நினைத்து ஓர் அளவு கூட்டி வாங்காதீர்கள். குறைந்த ஓட்டத்தில் நீர் உயரம் விரற்கடைக்குள் அடங்கிவிடும், படிக்க முடியாது.

இனி 9 அங்குல ஃப்ளூமையே வைத்துப் பேசுகிறேன். மொத்த நீளம் சுமார் 1 மீட்டர் 63 செ.மீ. கழுத்தின் அகலம் 228.6 மி.மீ. இறக்கியவுடன் டேப்பை எடுத்துக் கழுத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். 3 மி.மீ. உள்வாங்கினாலே ஓட்டக் கணக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் பிசகும். மேலே குறுக்காகப் போட்டிருக்கும் தாங்கிகளைக் கான்கிரீட் இறுகும்வரை கழற்றக் கூடாது. அவை வேலைக்கு இடைஞ்சலாக இருக்கும், ஆனாலும் கழற்றாதீர்கள்.

இடம் தேர்வு செய்வதுதான் பாதி வேலை. ஃப்ளூமுக்கு மேலே வாய்க்கால் நேராக, வளைவோ மதகோ விழுதண்ணீரோ இல்லாமல், வாய்க்கால் அகலத்தைப்போல் பத்து மடங்கு நீளமாவது ஓட வேண்டும். தண்ணீர் கண்ணாடிபோல அமைதியாக வந்து சேர வேண்டும். சுழித்துக்கொண்டு ஒரு பக்கமாக மோதினால் அளவு நம்பகமாக இராது.

அடுத்து, எந்த உயரத்தில் வைப்பது? வாய்க்காலின் அடிமட்டத்திலேயே ஃப்ளூமை உட்கார வைத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அப்படி வைத்தால் கீழ்ப்பக்கத் தண்ணீர் எதிர்த்து ஏறி, கழுத்தில் பாய்ச்சலே இல்லாமல் போகும். 9 அங்குல ஃப்ளூமுக்கு விதி இது: குறுகும் பகுதியின் தரையிலிருந்து அளக்கும்போது, கீழ்ப்பக்க நீர் உயரம் மேல்பக்க உயரத்தில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வாய்க்காலில் அதிகபட்சம் வினாடிக்கு 45 லிட்டர் ஓடுகிறது, அப்போது கீழே 30 செ.மீ. ஆழம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஓட்டத்துக்கு ஃப்ளூமில் 20 செ.மீ. நீர் நிற்கும். அதில் 60 சதவீதம் 12 செ.மீ. முப்பதில் பன்னிரண்டு போக 18. ஆக, குறுகும் பகுதியின் தரை வாய்க்கால் அடியிலிருந்து 18 செ.மீ. மேலே இருக்க வேண்டும். மேல்பக்கம் இப்போது 38 செ.மீ. நிற்கும், முன்பைவிட 8 செ.மீ. கூடுதல். அந்த எட்டு செ.மீ. ஏற்றத்தைத் தாங்கும் உயரம் மேல்பக்கக் கரைக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மண்வெட்டியை எடுக்க வேண்டும். ஆழம் அளக்கும் நாளும் முக்கியம்; செடிகொடி வளர்ந்து வாய்க்கால் முழுத் தண்ணீர் ஓடும் நாளில் அளந்த ஆழத்தையே கணக்கில் எடுங்கள்.

இனிப் பதிக்கும் வேலை. குழி எடுத்து 10 செ.மீ. கனத்துக்கு, சிமென்ட், மணல், ஜல்லி 1:4:8 கலவையில் அடிக்கான்கிரீட் போடுங்கள். கரிசல் மண்ணாக இருந்தால், அது நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதனால் அரை மீட்டராவது தோண்டி எடுத்து, கிராவல் நிரப்பி, கெட்டித்து, அதன் மேல் போட வேண்டும். அடிக்கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே 12 மி.மீ. கம்பிகளை நிமிர்த்தி ஆறு இடத்தில் நட்டுவிடுங்கள். மேல் முனையில் ஒரு தடுப்புச் சுவரை அரை மீட்டர் ஆழத்துக்கு இறக்குவதும் அவசியம். இல்லாவிட்டால் தண்ணீர் ஃப்ளூமுக்கு அடியில் வழி கண்டுபிடிக்கும். அடியில் போகிற தண்ணீரை ஃப்ளூம் அளப்பதில்லை.

ஃப்ளூமைச் செங்கல் துண்டுகளின் மேல், அடிக்கான்கிரீட்டிலிருந்து ஒரு 8 செ.மீ. உயர்த்தி வைத்து மட்டம் பாருங்கள். ரசமட்டத்தை மேல் விளிம்பில் வைக்க வேண்டாம், விளிம்பு சற்றே வளைந்திருக்கும். குறுகும் பகுதியின் தரையில், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வையுங்கள். மட்டமாக இருக்க வேண்டியது அந்த ஒரு தரைதான். கழுத்தின் தரை 11 செ.மீ.க்கு மேல் சரிந்து இறங்கி, பிறகு சற்றே ஏறும், அது வடிவம். பள்ளம் என்று நினைத்து அதைச் சிமென்ட் வைத்து நிரப்பினால் ஃப்ளூம் வீண்.

மட்டம் வந்ததும் வெளிப்பக்கத்துக் கொக்கிகளைக் கம்பிகளோடு இறுகக் கட்டுங்கள். ஏன் இறுக? எடை குறைவு தொல்லை தரும் என்று சொன்னேனே, அது இங்கேதான். ஈரக் கான்கிரீட் கனமான திரவம். ஃப்ளூம் அதில் படகுபோல மிதக்கும். இந்த ஃப்ளூமின் அடிப்பரப்பு அரை சதுர மீட்டருக்குச் சற்று மேல். தரைக்கு மேலே சுற்றிலும் 15 செ.மீ. கான்கிரீட் ஏறினாலே சுமார் 200 கிலோ விசையோடு அதை மேலே தள்ளும். கட்டு தளர்ந்தால் இரண்டு செ.மீ. எழும்பி, இறுகி, அப்படியே நின்றுவிடும். அதன்பின் உடைப்பதைத் தவிர வழியில்லை. எனவே கம்பிக் கட்டோடு உள்ளே மணல் மூட்டைகளும் வையுங்கள். பக்கச் சுவர்கள் உள்வாங்காமலிருக்க, உள்ளே பிளைவுட் பலகை நிறுத்திக் குறுக்குக் கட்டைகள் கொடுங்கள். சுவரைத் தொட்டு நிற்கும் அளவுக்குத்தான், நெம்பித் தள்ளக் கூடாது.

முதலில் தரைக்கு அடியில்தான் கான்கிரீட் போக வேண்டும். அரை ஜல்லிக்குப் பதில் பொடி ஜல்லியில் சற்று இளக்கமான 1:2:4 கலவை. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஊற்றி, மறுபக்கம் வெளிவரும்வரை காத்திருங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஊற்றினால் நடுவில் காற்று சிறைப்பட்டு வெற்றிடமாகிவிடும். முடிந்ததும் தரையை விரல் முட்டியால் தட்டுங்கள். நிறைந்திருந்தால் மந்தமான சத்தம், வெற்றிடமிருந்தால் பானையைத் தட்டியதுபோல டொக்கென்று கேட்கும். பிறகு பக்கங்களில் 15 செ.மீ. அடுக்குகளாக, இடம் ஒன்று வலம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஏற்றுங்கள். வைப்ரேட்டர் ஊசி ஃபைபரைத் தொடக் கூடாது. ஒவ்வோர் அடுக்குக்குப் பிறகும் மட்டத்தையும் கழுத்து அகலத்தையும் பாருங்கள். கலவை ஈரமாக இருக்கும்வரை திருத்தலாம். ஏழு நாள் நீராற்றிய பிறகுதான் தாங்கிகளைக் கழற்றுவது. இரு முனையிலும் வாய்க்கால் கரையோடு இணைக்கும் சிறகுச் சுவர்கள், மேல்பக்கத் தரைக்கு 1-க்கு 4 சரிவு, கீழ்ப்பக்கம் மண் அரிக்காமலிருக்க இரண்டு மூன்று மீட்டருக்குக் கல் பதிப்பு. இவற்றைக் கொத்தனாரே அறிவார்.

அளவுகோல் ஒட்டுவதில் இருக்கும் பிழை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஆண்டுக்கணக்கில் ஏமாற்றும். கோலின் இடம், குறுகும் பகுதிச் சுவரில் கழுத்து தொடங்கும் விளிம்பிலிருந்து மேல்நோக்கிச் சுவரோடு 587 மி.மீ. அதன் சுழியம் குறுகும் பகுதியின் தரைமட்டம். இதை எப்படிச் சரியாகப் பிடிப்பது? ஃப்ளூமின் இரு வாயையும் மண் மூட்டையால் அடைத்து உள்ளே தண்ணீர் நிரப்புங்கள். தேங்கிய தண்ணீரைவிட நல்ல மட்டம் கிடையாது. குறுகும் பகுதித் தரையின் நான்கு மூலையிலும் ஸ்கேல் நட்டு ஆழம் பாருங்கள்; நான்கும் ஒன்றாக இருந்தால் தரை மட்டம். அதே ஆழத்தைக் கோலும் காட்டும்படி வைத்துத் திருகுங்கள். சுழியம் ஒரு செ.மீ. பிசகினால், 20 செ.மீ. நீரில் கிட்டத்தட்ட 8 சதவீதமும், 10 செ.மீ. நீரில் 16 சதவீதமும் கணக்கு தவறும். குறைவாகத் தண்ணீர் வாங்குகிறவருக்குத்தான் அதிக நட்டம்.

இப்போது குறித்துக்கொள்ளுங்கள், 9 அங்குல ஃப்ளூமுக்கு மட்டும். 5 செ.மீ. என்றால் வினாடிக்கு 5.5 லிட்டர். 10 செ.மீ.க்கு 15.8. 15-க்கு 29.4. 20-க்கு 45.6. 25-க்கு 64. 30-க்கு 85. உயரம் இரண்டு மடங்கானால் தண்ணீர் ஏறக்குறைய மூன்று மடங்கு என்பதைக் கவனியுங்கள். 14.6 செ.மீ.யில் ஒரு சிவப்புக் கோடு போட்டு வையுங்கள். அது வினாடிக்கு ஒரு கன அடி, அதாவது ஒரு கியூசெக். ஒரு கியூசெக் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் நிற்கும். இரண்டு அங்குலத் தண்ணீர் வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம். சங்கத்தில் முறை பிரிக்க இந்த ஒரு கணக்கு போதும்.

பராமரிப்புக்கு வருவோம். ஃப்ளூமைக் கெடுப்பது பெரும்பாலும் ஃப்ளூமுக்குக் கீழே இருக்கும் வாய்க்கால்தான். அங்கே கோரையும் ஆகாயத்தாமரையும் மண்டினால் தண்ணீர் தேங்கி எதிர்த்து ஏறும். கழுத்துக்கு அப்பால் தண்ணீர் குழிந்து, பிறகு நுரைத்து எழும் அலையை நீங்கள் பார்க்க வேண்டும். அந்த அலை மறைந்து மேற்பரப்பு சமமாகிவிட்டால் ஃப்ளூம் மூழ்கிவிட்டது என்று பொருள். அப்போது கோல் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். பதிவேட்டில் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்திருக்கும், வயலுக்குப் போயிருக்காது. எனவே ஃப்ளூமுக்குக் கீழே முப்பது மீட்டரைச் சுத்தமாக வைப்பதைச் சங்கத்தின் கடமையாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

வாரம் ஒரு முறை பாசியை நைலான் பிரஷால் தேய்த்தெடுங்கள். கரண்டியும் மண்வெட்டியும் வேண்டாம்; மேல்பூச்சில் கீறல் விழுந்தால் தண்ணீர் உள்ளே இறங்கி இழையைப் பிரிக்கும். மேல்பக்க வண்டலை வாருங்கள். சிறகுச் சுவரையொட்டி நண்டு வளை, எலி வளை இருக்கிறதா பாருங்கள். கரையில் காய்ந்த புல்லையோ கரும்புச் சோகையையோ கொளுத்தாதீர்கள், ஃபைபர் தீப்பிடிக்கும். ஆண்டுக்கு ஒரு முறை, தண்ணீர் திறப்பதற்கு முன், வாயடைத்துத் தண்ணீர் நிரப்பும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் அடியில் மண் போயிருக்கிறது.

வெயிலில் வெளிறி, கை வைத்தால் இழை குத்துகிறதென்றால் மேல்பூச்சு தேய்ந்துவிட்டது. உப்புத்தாளால் தேய்த்து, புற ஊதாக் கதிரைத் தாங்கும் ஜெல்கோட் என்ற மேல்பூச்சைப் பூசலாம். வெடிப்புக்கு: சுற்றிலும் 5 செ.மீ. வரை 80-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பாலியெஸ்டர் ரெசினில் நனைத்த ஃபைபர் மேட்டை இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். முடிந்தவரை வெளிப்பக்கத்தில், கழுத்தின் உள்ளே கனம் கூடினால் அளவு மாறும். ஒரு கிலோ ரெசினுக்கு, அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் 10 முதல் 20 கிராம்; சித்திரை வெயிலில் குறைந்த அளவே போதும், இல்லாவிட்டால் பூசும் முன்பே கட்டியாகிவிடும். ஓர் எச்சரிக்கை: கடையில் இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட், கேட்டலிஸ்ட் என்று இரண்டு பாட்டில் கொடுப்பார்கள். இரண்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுவதும் கலக்கி முடித்த பிறகுதான் கேட்டலிஸ்டைச் சேர்க்க வேண்டும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உடனே தண்ணீரால் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டே இருந்து, மருத்துவமனைக்குப் போங்கள். ஒட்டிய இடம் ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு மடையைத் திறக்கலாம்.

வணக்கம்.