பழைய வழக்கு இருந்தும் மனைவியைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்தேன்

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு வெளியே எங்கும் போகவில்லை. கமராவைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு இருந்து கதைக்கிறேன். இவ்வளவு நாளும் ஸ்காபரோக் கடைகள், கோயில் திருவிழா, பனிக்காலத்து ஓட்டம் என்று போட்டேன். இன்றைக்குச் சொல்லப்போவது என் சொந்தக் கதை. மனைவியிடம் கேட்டேன், அம்மாவிடமும் கேட்டேன். இரண்டு பேரும் சொல்லு என்றார்கள்.

எனக்கு ஒரு கிரிமினல் வழக்கு இருக்கிறது.

2008 ஆடி மாதம். எனக்கு 22 வயது. ஒரு பிளாசாவின் வாகனத் தரிப்பிடத்தில் இரவு ஒரு மணிக்கு வாய்த்தர்க்கம் வந்தது, நான் கையை நீட்டிவிட்டேன். எதிரில் நின்றவருக்குத் தாடை எலும்பு உடைந்தது. "ஒரு குத்துத்தானே" என்று வழக்கு முடியும்வரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தீர்ப்பு நாளன்று அவர் எழுதிய கடிதத்தை நீதிமன்றத்தில் வாசித்தார்கள். ஆறு கிழமை ஸ்ட்ரோ வைத்துத்தான் சாப்பிட்டாராம். தங்கையின் பிறந்தநாள் படத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றாராம். அதற்குப் பிறகு அந்த "ஒரு குத்துத்தானே" என் வாயில் வரவில்லை.

2009 ஆனியில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். உடற்காயம் ஏற்படுத்திய தாக்குதல், கனடியக் குற்றவியல் சட்டத்தில் 267ஆம் பிரிவு. மறியல் இல்லை. இரண்டு வருடப் புரொபேஷன் (வெளியே இருந்தபடி கண்காணிப்பு), நூறு மணிநேரச் சமூக வேலை, பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்கு 100 டொலர். அந்த நூறு டொலரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

சரி, 2022க்கு வருவோம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தது. இரண்டு மாதம் போனில் கதைத்தோம். பிடித்துப்போனது. கலியாண எழுத்துக்கு நாள் பார்க்கிறார்கள் என்று அம்மா சொன்ன இரவு எனக்கு நித்திரையே வரவில்லை. அடுத்த நாள் வீடியோவில் எடுத்து முழுவதையும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பின்னால் மின்விசிறி சுத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கேட்டாள், "அந்தப் பொடியன் இப்ப சுகமா இருக்கிறாரா?" என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, அவரைப் பற்றித்தான் முதலில் கேட்டாள். இதைச் சொல்லும்போது இப்பவும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

2023 தையில் எழுத்து முடிந்தது. இனி அவளை ஸ்பொன்சர் செய்து கனடாவுக்குக் கூப்பிட வேண்டும். இங்கேதான் நான் பிழைவிட்டேன்.

முதலில் ஒரு குடிவரவு ஏஜென்டிடம் போனேன். பெயர் வேண்டாம். "உங்களுக்கு ரெக்கோர்ட் இருக்கு, முதலில் பார்டன் எடுக்க வேண்டும், அதுவரைக்கும் மனைவியைக் கூப்பிட முடியாது" என்று சொல்லி 1,800 டொலர் கேட்டார். பார்டன் என்றால் பழைய குற்றப் பதிவை ஒதுக்கிவைக்கிற மன்னிப்பு. பாதியைக் கட்டினேன். எட்டு மாதம் போனது. இடையில் ஒரு தெரிந்த அண்ணை வேறு விதமாகச் சொன்னார்: "அதெல்லாம் பழசு தம்பி, ஒன்றும் எழுதாதே, அவங்கள் பார்க்க மாட்டாங்கள்." ஒருவர் பயமுறுத்தினார், மற்றவர் ஒளிக்கச் சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் பிழை.

கடைசியில் சட்ட உதவி நிலையத்தில் ஒரு பெண் வழக்கறிஞரைச் சந்தித்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "தண்டனை முடிந்த திகதி என்ன?" தீர்ப்புத் திகதியை அவர் கேட்கவில்லை, தண்டனை முடிந்த திகதியைத்தான் கேட்டார்.

குடிவரவு ஒழுங்குவிதிகளில் 133 என்று ஒரு விதி இருக்கிறது. யார் ஸ்பொன்சர் செய்ய முடியாது என்று அதில்தான் எழுதியிருக்கிறது. எல்லாக் குற்றமும் அதில் இல்லை. பாலியல் குற்றம் இருக்கிறது. யார்மீது என்றாலும் வன்முறை பாவித்து, பத்து வருடமோ அதற்கு மேலோ உச்சத் தண்டனை உள்ள பாரதூரமான குற்றம் இருக்கிறது. மனைவி, முன்னாள் மனைவி, பிள்ளை, உறவினர் யாருக்காவது உடற்காயம் ஏற்படுத்திய குற்றமும் இருக்கிறது, அதற்குப் பத்து வருடக் கணக்குக் கிடையாது. இவற்றுக்கு முயன்றாலும் தடைதான். கடையில் களவெடுத்த வழக்கு, காசோலை மோசடி, யாருக்கும் காயமில்லாமல் குடித்துவிட்டு வாகனம் ஓட்டிய வழக்கு எல்லாம் வெட்கத்துக்குரியவைதான், ஆனால் இந்த விதியில் வராது. அப்படி ஒரு வழக்கை வைத்துக்கொண்டு பத்து வருடமாகக் கலியாணமே கட்டாமல் இருக்கிற ஒருவரை எனக்குத் தெரியும். யாரும் அவருக்குச் சரியாகச் சொல்லவில்லை.

என் வழக்கு இந்த விதிக்குள் வருகிறது, ஏனென்றால் 267க்கு உச்சத் தண்டனை பத்து வருடம். எனக்கு மறியலே கிடைக்காவிட்டாலும் சட்டம் பார்ப்பது உச்சத் தண்டனையைத்தான்.

ஆனால் அந்த விதியிலேயே வழியும் இருக்கிறது. கனடாவில் கிடைத்த தீர்ப்பு என்றால், தண்டனை முடிந்து ஐந்து வருடம் போயிருந்தால் அந்தத் தீர்ப்பைக் காட்டி உங்கள் ஸ்பொன்சரை மறுக்க முடியாது. அல்லது பார்டன் கிடைத்திருந்தாலும் மறுக்க முடியாது. இரண்டில் ஒன்று போதும். ஏஜென்ட் எனக்கு இரண்டும் வேண்டும் என்பதுபோலச் சொன்னார். வெளிநாட்டில் கிடைத்த தீர்ப்பு என்றால் கொஞ்சம் கடினம், ஐந்து வருடம் போனதோடு நீங்கள் திருந்தியதையும் காட்ட வேண்டும்.

ஐந்து வருடம் எப்போது தொடங்குகிறது? நான் தீர்ப்பு நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். அது பிழை. மறியல், புரொபேஷன், தண்டம் என்று கடைசித் துண்டு முடிகிற நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். எனக்குப் புரொபேஷன் 2011 ஆனியில் முடிந்தது. அப்போ 2016 ஆனியோடு ஐந்து வருடம் முடிந்துவிட்டது. ஏஜென்டிடம் போன அன்றைக்கே நான் கூப்பிடத் தகுதியானவன். எட்டு மாதத்தை வீணாக்கியிருக்கிறேன், அவளும் அங்கே எட்டு மாதம் காத்திருக்கிறாள்.

பிறகு வழக்கறிஞர் கேட்டார், "அந்த 100 டொலர் கட்டினீர்களா?" நெஞ்சு பக்கென்றது. கட்டின ஞாபகம் இருக்கிறது, பற்றுச்சீட்டு இல்லை. கட்டாமல் விட்டிருந்தால் தண்டனை முடிந்ததா இல்லையா என்று அதிகாரி கேட்க இடம் உண்டு, ஒரு சந்தேகமும் விட வேண்டாம் என்றார். அன்றைக்கு இரவு வீடு முழுக்கத் தேடினேன். அம்மா பேசாமல் எழும்பிப்போய் தையல் மெஷின் லாச்சியைத் திறந்து, நூல்கட்டைகளுக்குக் கீழே இருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். புரொபேஷன் கட்டளை, சமூக வேலை முடித்த கடிதம், நீதிமன்றப் பற்றுச்சீட்டு மூன்றும் அதற்குள் இருந்தன. பற்றுச்சீட்டில் மை மங்கிப்போய், வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால்தான் திகதி தெரிந்தது. 2010 மாசி. பதின்மூன்று வருடம் அம்மா அதை வைத்திருந்திருக்கிறார், ஒரு நாள்கூட என்னிடம் சொன்னதில்லை.

எல்லாருடைய அம்மாவும் அப்படி வைத்திருக்க மாட்டார். உங்களிடம் கடுதாசி இல்லை என்றால், வழக்கு நடந்த நீதிமன்ற அலுவலகத்தில் பிரதி கேட்கலாம். கனடாவின் மத்திய பொலிஸான ஆர்.சி.எம்.பி.யிடம் கைவிரல் அடையாளம் கொடுத்து உங்கள் குற்றப் பதிவை எடுக்கலாம். நானும் எடுத்தேன். அதிகாரி எதைப் பார்ப்பார் என்று நீங்கள் முதலில் பார்த்துவிடுவது நல்லது.

இன்னொன்றும் இருக்கிறது. சில பேருக்குக் குற்றவாளி என்ற தீர்ப்பே இல்லை, இருப்பதாக நினைத்துப் பயப்படுகிறார்கள். என் மச்சான் ஒருவனுக்கு நீதிபதி கண்டிஷனல் டிஸ்சார்ஜ், அதாவது நிபந்தனையோடு விடுவிப்பு, கொடுத்தார். அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான், புரொபேஷனும் செய்தான். ஆனால் டிஸ்சார்ஜ் என்றால் சட்டப்படி அவன் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவன் இல்லை. நிபந்தனை இல்லாத அப்சலூட் டிஸ்சார்ஜ் ஒரு வருடத்திலும், கண்டிஷனல் டிஸ்சார்ஜ் மூன்று வருடத்திலும் மத்திய பதிவிலிருந்து எடுக்கப்பட வேண்டும். எனக்குக் கிடைத்தது அது இல்லை, தண்டனையை ஒத்திவைத்துக் கொடுத்த புரொபேஷன், அது தீர்ப்புத்தான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். கடுதாசியில் என்ன சொல் எழுதியிருக்கிறது என்று வடிவாகப் பாருங்கள்.

பார்டன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் இப்போதைய பெயர் ரெக்கோர்ட் சஸ்பென்ஷன், கொடுப்பது கனடா பரோல் சபை. 2022 தை முதலாம் திகதியிலிருந்து கட்டணம் 50 டொலருக்குக் குறைந்துவிட்டது, அதற்கு முன் அறுநூறுக்கு மேல் இருந்தது. 2012 மார்ச் 13க்குப் பிறகு நடந்த குற்றம் என்றால், சின்ன வழக்குக்கு ஐந்து வருடமும் பாரதூரமான வழக்குக்குப் பத்து வருடமும் காத்திருக்க வேண்டும். வேலைக்கு, எல்லை தாண்ட, உங்கள் மனநிம்மதிக்கு நல்லது. ஆனால் தண்டனை முடிந்து ஐந்து வருடம் போனவர் மனைவியைக் கூப்பிட அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

வழக்கு இப்போது நடந்துகொண்டிருக்கிறது என்றால் அது வேறு. பத்து வருடமோ அதற்கு மேலோ உச்சத் தண்டனை உள்ள குற்றச்சாட்டு உங்கள்மேல் இருந்தால், அது முடியும்வரை ஸ்பொன்சர் கோப்பைத் தொடவே மாட்டார்கள். நீங்கள் பிரஜை இல்லாமல் நிரந்தர வதிவாளர் என்றால், மனைவியை யோசிக்க முதல் உங்கள் வதிவிடத்தை யோசியுங்கள். வெளியேற்றக் கட்டளை வந்தால் ஸ்பொன்சரும் போய்விடும். இதற்குக் கட்டாயம் வழக்கறிஞரிடம் போங்கள், என் வீடியோவை நம்பி இருக்காதீர்கள்.

படிவத்துக்கு வருவோம். ஐ.எம்.எம். 1344 என்பதுதான் ஸ்பொன்சரின் படிவம். தொடக்கத்திலேயே ஒரு கேள்வி இருக்கிறது, பலர் வாசிக்காமல் கோடு போட்டுவிடுவார்கள்: நீங்கள் தகுதியில்லாதவர் என்று கண்டால், விண்ணப்பத்தை மீளப் பெறவா, தொடரவா? மீளப் பெற்றால் ஸ்பொன்சர் கட்டணம் தவிர மற்றக் காசு திரும்பி வரும். தொடர்ந்தால் பரிசீலனைக் கட்டணம் போகும், ஆனால் மறுத்த பிறகு மேன்முறையீடு செய்கிற உரிமை கையில் இருக்கும். வெளிநாட்டில் இருக்கிற துணைக்கு என்றால், மறுப்புக் கிடைத்து 30 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம், அங்கே உங்கள் குடும்ப நிலைமையையும் மனிதாபிமானத்தையும் சொல்ல இடம் உண்டு. துணை கனடாவில் இருந்தபடி போடுகிற உள்நாட்டு விண்ணப்பத்துக்கு அந்தப் பிரிவு இல்லை, நேரே பெடரல் நீதிமன்றம்தான். நான் "தொடர்" என்று போட்டேன். காசைவிட அந்தக் கதவு எனக்கு முக்கியம்.

தீர்ப்பைப் பற்றிய கேள்விக்கு உண்மையை எழுதினேன். ஒரு பக்கத்தில் ஒரு கடிதமும் வைத்தேன்: எப்போது, என்ன குற்றம், என்ன தண்டனை, எப்போது முடிந்தது. பின்னால் அம்மாவின் மூன்று கடுதாசிகளின் பிரதி. நியாயம் ஒன்றும் எழுதவில்லை. ஒளித்திருந்தால், பிடிபட்டால், அந்தப் பொய்க்கான ஐந்து வருடத் தடை அவளுக்கும் வந்திருக்கலாம். நான் செய்த பிழைக்கு அவள் ஏன் ஐந்து வருடம் நிற்க வேண்டும்?

அவளுடைய பக்கத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. இலங்கைப் பொலிஸ் சான்றிதழ், மருத்துவம், கொழும்பில் கைவிரல் அடையாளம். என் வழக்கு அவளுடைய கோப்பைப் பாதிக்காது. மனைவிக்கு இவ்வளவு வருமானம் வேண்டும் என்ற கணக்கும் பொதுவாகக் கிடையாது. ஆனால் நீங்கள் சமூக நலக்காசு எடுக்கிறீர்கள் என்றால், ஊனத்துக்காக இல்லாவிட்டால், தடை. பிள்ளைக்கான பராமரிப்புக் காசு பாக்கி என்றாலும் தடை. நீங்களே துணையாகக் கூப்பிடப்பட்டு வந்தவர் என்றால் உங்களுக்கு ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும்.

ஒன்றை மனம் திறந்து சொல்கிறேன். இந்த வீடியோவை மனைவியை அடித்து வழக்கு வாங்கினவர்களும் பார்க்கலாம். அந்த 133ஆம் விதி ஊரிலிருந்து வருகிற ஒரு பெண்ணைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. அவளுக்கு இங்கே யாரும் இல்லை, பனி, பாஷை, எல்லாம் புதுசு. ஐந்து வருடம் முடிந்துவிட்டது என்று படிவத்தை நிரப்ப முதல், அவளிடம் வாயால் சொல்லுங்கள். அவள் வேண்டாம் என்றால் அது அவளுடைய உரிமை.

என் மனைவி 2024 கார்த்திகையில் பியர்சன் விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். அம்மா அடுத்த நாளே அந்தப் பிளாஸ்டிக் பையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். இப்போது அது அவளுடைய அலுமாரியில் இருக்கிறது.

கேள்வி இருந்தால் எழுதுங்கள். ஆனால் வழக்கு இலக்கமோ ஆட்களின் பெயரோ போடாதீர்கள், எல்லாரும் பார்க்கிற இடம். மூன்று திகதி மட்டும் எழுதுங்கள்: குற்றம் நடந்தது, தீர்ப்பு வந்தது, தண்டனையின் கடைசித் துண்டு முடிந்தது. மூன்றாவது தெரியாவிட்டால், முதலில் வீட்டு லாச்சியைத் திறந்து பாருங்கள்.