காதில் பஞ்சு வைத்துக்கொண்ட இதயம்

நேயர்களுக்கு வணக்கம்.

வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்களை விட்டுவிடுகிறேன். மற்றவர்கள் மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரலை வைத்து நாடியைப் பிடியுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 70, 75 இருக்கும். இதய நோய் எதுவும் இல்லாத ஒருவர், இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டால் இது எவ்வளவு இறங்கும்? வகுப்பில் கேட்டால் பாதியாகிவிடும் என்றுகூடச் சொல்வார்கள். உண்மையில் பெரும்பாலும் 10, மிஞ்சினால் 15. அவ்வளவுதான்.

காரணம் வேடிக்கையானது. இதயத்தில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவை நரம்புகளின் தலையீடு இல்லாமல் தன்போக்கில் விட்டால், இளம் வயதில் அது 100 தடவைக்கு மேலேயே துடிக்கும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களுக்கு ஓய்விலும் நாடி 90, 100 என்று ஓடுவது அதனால்தான். அந்த இதயத்துக்கு வந்த நரம்புகள் அறுபட்டிருக்கும். அதை 70க்கு இழுத்துப் பிடித்திருப்பது வேகஸ் நரம்பு. பீட்டா பிளாக்கர் அந்த நரம்பின் பக்கமே போவதில்லை. பதற்றத்திலும் ஓட்டத்திலும் சுரக்கும் அட்ரினலின் போடும் கூச்சல் கேட்காதபடி இதயத்தின் காதில் பஞ்சை அடைக்கிறது. சத்தமே இல்லாத வீட்டில் காதில் பஞ்சு வைத்தால் என்ன வித்தியாசம் தெரியப்போகிறது?

மேளம் கொட்டும்போதுதான் தெரியும். எங்கள் மாணவர் ஒருவர், மேடைப் பயத்துக்கு என்று யாரோ கொடுத்த புரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கரை விழுங்கிவிட்டு கருத்தரங்குக்கு வந்தார். அன்று லிஃப்ட் ஓடவில்லை. மூன்றாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கால் கல்லு மாதிரி கனக்குது சார், ஆனா நெஞ்சு படபடக்கவே இல்லை" என்றார். நாடியைப் பிடித்தேன்: 92. பக்கத்தில் நின்ற அவருடைய நண்பருக்கு 130ஐத் தாண்டியிருந்தது.

20 வயதுக்காரர் முழு மூச்சாக ஓடினால் 200 வரை போகும் துடிப்பு, போதிய அளவு மருந்து உள்ளே இருந்தால் 140, 150லேயே நின்றுவிடும். இதயம் சும்மா இருப்பதில்லை. துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி கூடுவதால் நன்றாக நிரம்பி, ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தைத் தள்ளி ஓரளவு ஈடுகட்டுகிறது. உடற்பயிற்சியில் உச்சத் துடிப்பு எவ்வளவு என்று அறிய 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு வைத்திருப்பவர்கள், இந்த மருந்தைச் சாப்பிடும்போது அதை மறந்துவிட வேண்டியதுதான்.

இதயத்தில் பீட்டா என்றொரு 'காது', அதாவது அட்ரினலினை உணரும் ஏற்பி, இருக்கிறது என்று அமெரிக்க மருந்தியலாளர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் 1948இல் சொன்னபோது பலர் நம்பவில்லை. பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜேம்ஸ் பிளாக் நம்பினார். அவருடைய குழுவினர் 1964இல் புரோப்ரனலாலை உலகுக்கு அறிவித்தார்கள். 1988இல் பிளாக்குக்கு நோபல் பரிசு. பீட்டா பிளாக்கர் குடும்பத்தில் பிண்டலால் என்று ஒரு விசித்திரப் பிறவி உண்டு. பஞ்சை வைத்துவிட்டுத் தானே காதில் மெல்ல முணுமுணுக்கும். அதனால் ஓய்விலிருக்கும்போது நாடி அவ்வளவாக இறங்காது.

நாடி மட்டுமல்ல, கை நடுக்கமும் அடங்கும். அதனால்தான் துப்பாக்கி சுடுதல், வில்வித்தைப் போட்டிகளில் இதற்குத் தடை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜாங்-சு புரோப்ரனலாலால் 2 பதக்கங்களை இழந்தார்.

இந்த மருந்தால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழல் இறுகிவிடலாம். இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்தால் எச்சரிக்கும் படபடப்பு மறைந்து, வியர்வை மட்டும் மிஞ்சும். இரவல் மாத்திரை கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கேட்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வாரக்கணக்கில் சாப்பிட்டவர்கள் சட்டென்று நிறுத்தினால் வேறொரு சங்கடம். பஞ்சு இருந்த காலமெல்லாம் இதயம் கூடுதலாகக் காதுகளை வளர்த்துக்கொண்டிருக்கும். பஞ்சை எடுத்த சில நாட்களுக்கு, பழைய அட்ரினலினின் சாதாரணக் குரலே அதற்கு அலறலாகக் கேட்கும். அதனால்தான் மருத்துவர்கள் அளவைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். எங்கள் மாணவர் ஒரே ஒரு மாத்திரையோடு நின்றார். மறுநாள் அதே மூன்றாவது மாடியில் அவருக்கும் 130.

வணக்கம்.